பத்து லட்சத்தில் அரைப் பங்கு

முதலில் ஏசி மெக்கானிக்கைத்தான் அனுப்பினார்கள்.
தவறு என்னுடையது.
இவனுக்குக் குரல் கேட்கிறதாம் என்பதை
கேம்ப் பாஸிடம் இந்தியில்
ஆவாஸ் என்று சொல்லிவிட்டேன்.
சத்தத்துக்கும் அங்கே அதே சொல்.
ஃபில்டரைக் கழுவி மாட்டி
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் முல்தான்காரன்.
மேல்கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்திருந்த
தவசிலிங்கம் சொன்னான்:
"இப்பத் தெளிவாக் கேக்குதுண்ணே."

ஜுபைலில்
கடலைக் குடிநீராக்கும் ஆலையில் எனக்கு லேப் வேலை.
சவ்வுகளைத் தாண்டி வரும் நீரில்
அநேகமாக ஒன்றும் இருக்காது.
ஒன்றும் இல்லாத நீர் பொல்லாதது,
குழாயின் இரும்பைத் தின்னும்.
அதனால் சுண்ணாம்பு சேர்க்கிறோம்.
குளோரின், பத்து லட்சத்தில் அரைப் பங்கு.
ஊரே குடிக்கும் நீருக்கு
நான்தான் அளவு.

டாக்டர் சூடான்காரர்.
அவர் அரபியில் கேட்க
ஷைனி சிஸ்டர் மலையாளத்தில் தர
நான் தமிழில் இறக்கினேன்.
மூன்று சவ்வு தாண்டி வந்தது கேள்வி:
யாரோ உன்னைக் கண்காணிப்பதாகத் தோன்றுகிறதா?

அவன் என்னைப் பார்த்தான்.
கேம்ப் வாசலில் கேமரா நாலு.
மெஸ்ஸில் ரெண்டு.
பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில்.
"என்னண்ணே சொல்லட்டும்?"

ஆமாம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.
டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.

டோபமின்.
மூன்று மொழியிலும் உடையாமல் வந்த ஒரே சொல்.
மூளைக்குள் ஓரிடத்தில் அது பெருகியிருக்கலாமாம்.
இன்னோரிடத்தில் வற்றியும் இருக்கலாமாம்.
பெருகிய இடத்தில்
சும்மா கிடப்பதற்கெல்லாம் அர்த்தம் முளைக்குமாம்:
லாரி நம்பர், காக்கா,
சுவருக்குள் நீர் இறங்கும் ஒலி,
எல்லாம் உன்னைப் பற்றியே.

இருக்கலாம், இருக்கலாம்.
அந்தச் சொல்லை ஷைனி சிஸ்டர் வழியில் சிந்தவில்லை.
நானும்.

எவ்வளவு கூடியிருக்கு, அளந்தீங்களா என்றேன்
லேப்காரப் புத்தியில்.
அப்படி எடுத்து அளக்க முடியாது என்றார்.
அதைத் தடுக்கும் மாத்திரையில் குரல் தணிகிறது,
அதனால் அதுவாக இருக்கும் என்கிறோம்.
அது முழுக்கதையும் இல்லை.
எங்கள் ஆலையில் நான் இப்படிச் சொன்னால்
அன்றைக்கே எக்ஸிட் அடித்துவிடுவார்கள்.
இதையும் தவசியிடம் சொன்னேன்.
சிரித்தான்.
ஏழு வாரத்தில் முதல் தடவை.

இரவு ஒன்பதுக்கு ஒரு மாத்திரை.
கை லேசாக நடுங்கிற்று, ஸ்பேனர் நழுவிற்று,
சாரம் ஏற விடவில்லை, ஸ்டோரில் போட்டார்கள்.
மூன்றாம் வாரம் கேட்டேன், குறைஞ்சிருச்சா?

"பக்கத்து ரூம் ரேடியோ மாதிரி இருக்கு."

அப்புறம் வெகுநேரம் கழித்து, இருட்டில்:
"அது என்னைய
மு. தவசிலிங்கம்னு முழுசாக் கூப்பிடும்ணே.
இங்க எல்லாவனுக்கும் நான் நாப்பத்திநாலு பதினேழு."

இதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து
அவன் அக்கா பூங்கனி பேசினாள்.
பேய்க்கோளாறா தம்பி, ஏர்வாடிக்கு நேர்ந்துக்கட்டுமா?
இல்லக்கா, மூளைல ஒரு ரசாயனம்,
தண்ணியில உப்பு மாதிரி,
ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம்...

"ஒரே பாத்திதான். ஒரு மூலையில பூக்கும்,
ஒரு மூலையில பூக்காது.
ஏன்னு மேஸ்திரிக்கே தெரியாது" என்றாள்.
பிறகு, "சோறு திங்கிறானா?"

திங்கிறான். ரெண்டு ஆள் சோறு.
மாத்திரை அப்படி என்று சொல்லவில்லை.

நேற்று டம்ளரை முகர்ந்துவிட்டு வைத்தான்.
"தண்ணில மருந்து கூடிருச்சுண்ணே."
நாங்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
யாரோ மெதுவாக, மாத்திரை போட்டானா என்றார்கள்.

பாட்டிலில் பிடித்துப் போய்
ஷிப்டில் அளந்தேன்.
அரை இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றேகால்.